அண்ணன் கேட்ட எடைக் கணக்கு

2011 ஆடியிலிருந்து அடுத்த ஆனி வரைக்கும் அண்ணன் என்னோடு பேசவில்லை. ஒரே வீடு, ஒரே பட்டறை. அவருக்கும் எனக்கும் நடுவில் இரண்டு முழம்கூட இருக்காது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அண்ணியைக் கூப்பிட்டு, "அவன்கிட்ட சொல்லு, நாளைக்கு மதியத்துக்குள்ள பத்து ஜோடி முடியணும்" என்பார். நானும் அண்ணியிடமே "சரி" என்பேன்.

எங்கள் வீடு சேலம் குகையில். முன்பக்கத்து அறைதான் பட்டறை. அப்பா காலத்திலிருந்து கொலுசு வேலை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளியை எடை போட்டு வாங்கி வந்து, கம்பியாக இழுத்து, வளையமாக வெட்டிக் கோர்த்துப் பற்றவைத்து, சேதாரம் போக அதே எடைக்குக் கணக்குச் சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அண்ணனுக்குத் தராசு கையிலேயே இருக்கிறது. ஒரு வளையத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தே எத்தனை கிராம் என்று சொல்லிவிடுவார்.

நான் 2009இல் ஞானஸ்நானம் எடுத்தேன். அண்ணன் தடுக்கவில்லை. "உன் மனசுக்குச் சரின்னு பட்டா செய்" என்றார், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் அவரிடம் நன்றியோடு இருந்திருக்க வேண்டும். ஆனால் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவனுக்கு இருக்கும் அவசரம் எனக்கு இருந்தது. சாப்பிடும்போது, பற்றவைக்கும்போது, வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது என்று எப்போதும் அவரிடம் பேசிக்கொண்டே இருந்தேன். அவர் கேட்கவில்லை என்றதும் குரலை உயர்த்தினேன்.

ஆடியில் குகை மாரியம்மன் கோவில் வண்டி வேடிக்கை எப்படி இருக்கும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அலங்கரித்த வண்டிகளில் சாமி வேஷம் போட்டவர்கள் வருவார்கள், ஊரே தெருவில் நிற்கும். அந்த வருஷம் அண்ணன் மகனுக்கு முருகன் வேஷம். ஏழு வயது. முகத்தில் பாதிக்கு ரோஸ் பவுடர் பூசியாகிவிட்டது, மறுபாதி அவன் சொந்த நிறத்தில் இருந்தது. கையில் அட்டையில் வெட்டி ஜிகினா ஒட்டிய வேல். அண்ணன் குனிந்து அவனுக்கு மீசை வரைந்துகொண்டிருந்தார். தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். நான் உள்ளேயிருந்து வந்து, "வாயிருந்தும் பேசாது, கண்களிருந்தும் காணாது" என்று விக்கிரகங்களைப் பற்றிய சங்கீதத்தைச் சத்தமாகச் சொன்னேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

அண்ணனின் கை நின்றது. பிரஷைத் தண்ணீரில் முக்கி, துணியில் துடைத்து, மறுபடி மீசையை வரைய ஆரம்பித்தார். பையன் என்னைப் பார்த்தான். அந்தப் பாதி பூசிய முகம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. "சித்தப்பா எதுக்குப்பா திட்டுறாரு?" என்று கேட்டான். நான் தேவனுடைய வார்த்தையைச் சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழந்தையின் காதில் அது திட்டாக விழுந்திருக்கிறது. குழந்தை கேட்டதுதான் சரி.

அந்த டிசம்பரில் எங்கள் சபை மூப்பர் ஐயாவோடு ஏற்காட்டுக்குப் போனேன். மலையில் இருக்கும் ஓர் ஊரில் கிறிஸ்துமஸ் செய்தி சொல்லப் போன ஆறு பேரில் நானும் ஒருவன். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மேலே போனால் காபிப் பழம் பறிக்கும் காலம். செடியெல்லாம் சிவப்பு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. அந்த மலையின் பழங்குடிகளான மலையாளி இனத்துப் பெரியவர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் நின்று நான் ஆரம்பித்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, அவர் கையைத் தூக்கினார். "எங்களுக்குச் சேர்வராயன் சாமி இருக்காரு, அது போதும். நீங்க உட்காருங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க."

ஐயா கையிலிருந்த கைப்பிரதிகளைப் பைக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்தார். வெல்லம் போட்ட கடுங்காப்பி வந்தது. ஐயா மிளகுக் கொடியைப் பற்றிக் கேட்டார், மழை பற்றிக் கேட்டார், பெரியவரின் முழங்கால் வலி பற்றிக் கேட்டார். முக்கால் மணி நேரம். எனக்கு உள்ளே கொதித்தது. திரும்பி வரும் வழியில் கேட்டேவிட்டேன்: "கேட்காதவங்க வீட்டுத் தூசியை உதறிட்டு வரணும்னு தானே ஐயா வேதத்துல இருக்கு?"

ஐயா பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து வேதாகமத்தைத் திறந்து மத்தேயு பத்தாம் அதிகாரத்தைக் காட்டினார். "உங்களை ஏற்றுக்கொள்ளாமலும், உங்கள் வார்த்தைகளைக் கேளாமலும்போனால்." விரலை வைத்து, "ரெண்டு 'உம்' இருக்கு தம்பி, பாத்தியா" என்றார். "வார்த்தையைக் கேக்கலை, சரி. நம்மளை ஏத்துக்கலைன்னு சொல்ல முடியுமா? திண்ணையில உக்கார வச்சு காப்பி குடுத்தாரே." அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா வந்தார். "உங்க அண்ணன் உன்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி மத்தேயு ஏழாம் அதிகாரத்தைப் படித்தேன். "உங்கள் முத்துகளைப் பன்றிகள்முன் போடாதேயுங்கள்" என்ற வசனத்தை நாங்கள் எத்தனை முறை எடுத்து வீசியிருப்போம்! நாம் சொல்வதை ஒருவர் கேட்கவில்லையா, உடனே 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்போம், கூடவே இந்த வசனத்தையும் சேர்த்துக்கொள்வோம். ஆனால் அது இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஆறாம் வசனம் அது. அதற்கு முந்தின ஐந்து வசனங்களும் குற்றவாளியென்று தீர்க்காதே, உன் கண்ணில் இருக்கும் உத்திரத்தை முதலில் எடு என்கின்றன. அடுத்த வசனம், "கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்". இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு யாரையாவது பன்றி என்று கைகாட்ட முடியுமா? எனக்கு முடியவில்லை. 'போடாதேயுங்கள்' என்ற சொல்லில் என் மனம் நின்றது. எங்கள் தொழிலில் விலையுள்ள கல்லை யாரும் போட மாட்டார்கள். துணி விரித்து வைத்துக் காட்டுவார்கள், அதுவும் பார்க்க வேண்டும் என்று வந்தவருக்கு. நான் முத்தைத் தெருவில், ஏழெட்டுப் பேர் முன்னால், ஒரு குழந்தையின் முகத்தில் எறிந்திருந்தேன்.

அதே அதிகாரம் 'கேளுங்கள்' என்கிறதே, அண்ணனுக்காக நான் எத்தனை நாள் கேட்டேன் என்று யோசித்தேன். வாதத்துக்கு வசனம் தேடிய நாட்கள் நிறைய. முழங்காலில் நின்ற நாட்களை எண்ண ஒரு கை போதும்.

சும்மா இருப்பதெல்லாம் ஞானம் என்றும் நான் சொல்லமாட்டேன். இதை எழுதும்போது அது எனக்குப் பயமாகவே இருக்கிறது. வியாபாரம் கெடும், நாலு பேர் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டு, அதற்குப் 'பகுத்தறிதல்' என்று பெயர் வைத்த நாட்களும் எனக்கு உண்டு. பேதுரு, "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்று எழுதுகிறார். உத்தரவு என்றால் இங்கே பதில். கேட்கிறவருக்கு என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, ஆயத்தமாக இரு என்பதை விட்டுவிட்டால் அது ஏமாற்று. ஒருவர் நிஜமாகவே கேட்கும் நாளில் சொல்ல என்னிடம் ஏதாவது இருக்கிறதா, சொல்லத் தைரியம் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் என் மௌனத்தை நான் அளந்து பார்க்கிறேன்.

வம்புக்கென்றே கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். தொழிலில் எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி. பதில் சொன்னால் காதில் வாங்காமல் அடுத்த கேள்விக்குத் தாவுவார். மூன்று முறைக்குப் பிறகு, "அண்ணே, டீ சாப்பிடலாம் வாங்க" என்று முடித்துக்கொண்டேன். ஏரோது அநேக காரியங்களைக் குறித்து வினாவியும் ஆண்டவர் ஒரு பதிலும் சொல்லவில்லை. ஆஸ்திக்காரனான அந்த வாலிபன் துக்கத்தோடு போனபோதும் ஆண்டவர் பின்னால் ஓடவில்லை. அவன் போவதற்கு முன்பே, "அவனைப் பார்த்து, அவனிடத்தில் அன்புகூர்ந்து" என்று மாற்கு எழுதிவிட்டார். போக விடுவதிலும் அன்பு உண்டு என்பதை அங்கேதான் கற்றேன்.

2012 ஆனி மாதம் ஒரு காலையில் அண்ணனுக்கு எதிரில் உட்கார்ந்து, பையனையும் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, "அன்னைக்கு இவன் முன்னாடி நான் பேசினது தப்பு, மன்னிச்சிருங்கண்ணே" என்றேன். என் விசுவாசத்துக்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அது அவருக்கும் தெரியும். அவர் நிமிராமலே, "அந்தச் சின்ன அரத்தை எடு" என்றார். பதினொரு மாதத்துக்குப் பிறகு என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

அதற்கப்புறம் பல வருஷம் நான் அவரிடம் இதைப் பற்றிப் பேசவில்லை. கணக்கில் ஒரு மில்லிகூட மாறாமல் பார்த்துக்கொண்டேன். அவர் ஆடிக்கு விரதம் இருந்தால் அவர் எதிரில் சாப்பிடமாட்டேன். தினமும் ஜெபித்தேன்.

போன பெரிய வியாழன், அதாவது புனித வெள்ளிக்கு முந்தின நாள் சாயங்காலம், நெருப்பை அணைத்துவிட்டுப் பட்டறையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளித் தூள் இருக்கும் என்பதால் அந்தக் குப்பையைக்கூடச் சேர்த்துத்தான் வைப்போம். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்.

"நாளைக்கு வருஷா வருஷம் லீவு போடுறியே, அன்னைக்கு என்னதான்டா நடந்துச்சு?"

துடைப்பத்தை வைத்துவிட்டுச் சொன்னேன். ஐந்து நிமிஷம் இருக்கும். கூடவே இருந்து ஒன்றாகச் சாப்பிட்டவனே முப்பது வெள்ளிக்காசுக்குக் காட்டிக்கொடுத்தான் என்ற இடத்தில் அண்ணன் நிறுத்தினார்.

"ஒரு காசு என்ன எடை?"

அது தீரு நகரத்து நாணயமாக இருக்கலாம் என்றும் ஒன்று 14 கிராம் போல வரும் என்றும் படித்திருந்ததைச் சொன்னேன். அவர் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"420 கிராம். கொலுசுன்னா அஞ்சு ஜோடி வரும்." கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்கா?" என்றார்.

எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. சொல்ல ஆயிரம் இருந்தது, வசனங்கள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் இன்னும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காத்திருந்தேன்.

"அந்தக் காசை என்ன பண்ணான்?"

"வச்சுக்க முடியலைண்ணே. கோவில்லயே கொண்டுபோய் எறிஞ்சிட்டான். அவங்க அதை வச்சு ஒரு குயவனோட நிலத்தை வாங்கி, வெளியூர்க்காரங்களைப் புதைக்கிற இடமா ஆக்குனாங்க."

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தராசை உறையில் வைத்தார். படி ஏறப் போனவர் திரும்பி, "நாளைக்குக் கோயில்ல இருந்து எத்தனை மணிக்கு வருவே?" என்று கேட்டார். மூன்று மணி ஆகிவிடும் என்றேன்.

"வந்ததும் மீதியைச் சொல்லு" என்றார்.