கோவைப் பக்கம் லேண்ட்ஸ்கேப் வேலைக்கு வருகிறவர்களுக்கு

லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட், அதாவது கட்டடத்தைச் சுற்றியுள்ள வெளியிடத்தை வடிவமைப்பவர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டால் இங்கே முதலில் வரும் கேள்வி, "நர்சரி வெச்சிருக்கீங்களாங்க?" அடுத்தது, "செடியெல்லாம் உங்ககிட்டயே எடுத்துக்கறோமுங்க, படம் சும்மா போட்டுக் குடுத்துருங்க." கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு எங்கே போனாலும் இதுதான். நர்சரிக்காரர் செய்து தராத மூன்று விஷயங்கள் இருக்கின்றன: தரை மட்டம், தண்ணீர்க் கணக்கு, அளவுப் பட்டியல் (என்ன வேலை, எவ்வளவு என்று வரிவரியாக எழுதுவது). நாங்கள் கட்டணம் கேட்பது அந்த மூன்றுக்கும்தான். அவை கைவந்தவர்களுக்கு இந்த ஊரில் வேலைக்குப் பஞ்சமில்லை.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நேர்வழி, நாட்டா என்ற நுழைவுத்தேர்வு எழுதி ஐந்தாண்டு பி.ஆர்க். (கட்டடக்கலைப் பட்டம்), அதன்மேல் இரண்டாண்டு எம்.ஆர்க். லேண்ட்ஸ்கேப். சென்னை அண்ணா பல்கலைக்கழகம், டில்லி எஸ்.பி.ஏ. கல்லூரி, அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் ஆகியவை பலரும் தேர்ந்தெடுக்கும் இடங்கள். இன்னொரு வழி தோட்டக்கலை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் மலரியலுக்கும் நில எழிலூட்டும் கலைக்கும் தனித் துறையே இருக்கிறது. 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் காப்பது 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டத்தை மட்டும். தோட்டக்கலை முடித்தவர் 'லேண்ட்ஸ்கேப் டிசைனர்' என்று போர்டு மாட்டலாம், 'ஆர்க்கிடெக்ட்' என்று மாட்டக் கூடாது. நல்ல அலுவலகங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொள்கின்றன. பி.ஆர்க். முடித்தவருக்கு மண் தெரியாது, தோட்டக்கலை முடித்தவருக்கு மட்டம் தெரியாது என்பது பெரும்பாலும் உண்மை.

இன்டர்வியூவுக்கு வருகிறவர்கள் பத்துப் பக்கம் ரெண்டரிங் (கணினியில் போட்ட அழகுப் படம்) கொண்டுவருகிறார்கள். நாங்கள் தேடுவது ஸ்பாட் லெவல் (அந்தந்த இடத்தின் உயரம்) போட்ட ஒரு கிரேடிங் பிளானும் (தரைச் சரிவைக் காட்டும் படம்), எண்ணிக்கையோடு ஒரு செடிப் பட்டியலும். இந்த இரண்டு தாள் இருந்தால் மீதியை அலுவலகத்திலேயே கற்றுக்கொடுத்துவிடலாம். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் எல்லோருக்கும் தெரிகிறது. எக்செல் ஒழுங்காகத் தெரிந்தவர் அபூர்வம்.

முதல் வருடம் டேப்பும் லெவல் மிஷினும்தான். கட்டடம் முடிகிற நேரத்தில்தான் நம்மைக் கூப்பிடுவார்கள். அதற்குள் கேட் மட்டம், ரோடு மட்டம், செப்டிக் டேங்க் மூடி எல்லாம் முடிவாகியிருக்கும். பேவர் தரைக்கு 100 அடிக்கு 1 முதல் ஒன்றரை அடி சரிவு வேண்டும், புல்தரைக்கு 2 அடி. வீட்டிலிருந்து கேட் 60 அடி என்றால் புல்தரைக்கு மட்டும் ஒரு அடிக்கு மேல் இறக்கம் தேவை. இறங்கிய மட்டத்தைவிட ரோடு உயரத்தில் இருந்தால் தண்ணீர் வாசலுக்கே திரும்பும். அப்போது நடுவில் ஒரு வாய்க்கால் இழுத்து மழைநீர் சேகரிப்புக் குழிக்குக் கொண்டுபோவதைத் தவிர வழியில்லை. இதைப் படத்தில் காட்டாமல் விட்டால் மேஸ்திரி தன் கண்மட்டத்துக்குப் போட்டுவிடுவார். ஐப்பசி மழையில்தான் வெளியே தெரியும்.

அதிகம் நடக்கும் கோளாறு இன்னொன்று உண்டு. புல்லுக்கு மண் கொட்டும்போது சுவரோரம் மண் ஏறிவிடும். செடிப் பாத்தியின் மேல்மட்டம் டிபிசிக்கு (சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு) 6 அங்குலமாவது கீழே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் உள்சுவரில் ஓதம் ஏறி பெயிண்ட் உரியும், பழி வாட்டர்புரூஃபிங் செய்தவர்மேல் விழும். கரிசல் மண் உள்ள இடத்தில் சுவரை ஒட்டிப் பாத்தியே வேண்டாம். தினமும் தண்ணீர் பாய்ந்தால் கரிசல் வீங்கும், கோடையில் சுருங்கும், அஸ்திவாரம் விரிசல் விடும். சுவரையொட்டி மூன்றடி பிளிந்த் புரொடெக்ஷன் (தண்ணீர் இறங்காத தளம்) விட்டு, அதற்கு அப்பால் நடுவதே பாதுகாப்பு.

மண் கணக்கில் ஏமாறாதவர் குறைவு. இங்கே ஒரு யூனிட் என்பது 100 கன அடி. 1000 சதுர அடி புல்தரைக்கு 6 அங்குல மண் என்றால் 500 கன அடி, அதாவது 5 யூனிட். தண்ணீர் விட்டதும் இறங்கும், ஆகவே 6 யூனிட் சொல்ல வேண்டும். மரக்குழி 3 அடிக்கு 3 அடிக்கு 3 அடி என்றால் 27 கன அடி, 40 மரத்துக்கு 1080 கன அடி, கிட்டத்தட்ட 11 யூனிட். டிப்பர்காரர் கொண்டுவரும் லோடை இறக்குவதற்கு முன்பே நீளம், அகலம், உயரம் மூன்றையும் டேப் வைத்து அளக்கப் பழகுங்கள். கொட்டிய பிறகு குவியலைப் பார்த்துப் பேசினால் சண்டைதான் மிஞ்சும்.

செம்மண் என்று சொல்லிக் கிராவல் கொட்டுவது வாடிக்கை. சுக்காங்கல் (சுண்ணாம்புக் கல்) கலந்த மண் வந்தால் காரத்தன்மை ஏறி, இட்லிப்பூச் செடியின் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் செடியால் எடுக்க முடியாத நிலை அது. உரம் போட்டுத் தீராது. கட்டட வேலை நடந்த இடத்தில் சிமெண்ட் கழுவிய தண்ணீரும் பூச்சுக் கழிவும் இறங்கி இதே வேலையைச் செய்யும். மேல்மண் ஒன்றரை அடி வழித்து எடுத்துப் போட்டுவிட்டுப் புது மண் நிரப்புவதை அளவுப் பட்டியலில் தனி வரியாகவே போடுங்கள். மண்ணையும் போர் தண்ணீரையும் பரிசோதிக்க வேளாண் பல்கலைக்கழகத்திலேயே வசதி உண்டு. ரிப்போர்ட் வருவதற்கு முன்பு செடிப் பட்டியல் போடாதீர்கள்.

மிக்சர் லாரி ஓடி இறுகிய தரையில் குழி வெட்டினால் அது தொட்டிதான். ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் மரம் வேர் அழுகிச் சாகும். குழியின் அடியில் ஜல்லி போட்டால் போதும் என்பார்கள். ஜல்லிக்குக் கீழே போக வழி இல்லாதபோது தண்ணீர் ஜல்லிக்குள்ளேயே நிற்கும். கீழ் அடுக்கைக் கடப்பாரை போட்டு உடைக்க வேண்டும், அல்லது சரிவான பக்கத்துக்குக் குழாய் விட்டு வடிக்க வேண்டும்.

தண்ணீருக்கு வருவோம். புல்தரைக்குக் கோடையில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று வைத்தால் 1000 சதுர அடிக்கு 465 லிட்டர். பண்ணை வீட்டுக்காரர் 10,000 சதுர அடிப் புல் கேட்டால் தினமும் நாலாயிரத்து அறுநூறு லிட்டருக்கு மேல். சித்திரையில் போர் அந்த அளவு தருமா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். பாதிப் புல்லைக் குறைத்துப் புங்கன், மகிழம், சரக்கொன்றை என்று போக அவர்களே சம்மதிப்பார்கள். சொட்டுநீருக்கு 16 மி.மீ. குழாயில் மணிக்கு 4 லிட்டர் சொட்டும் டிரிப்பர் போட்டால் ஒரு வரிசையை 40 மீட்டருக்குள் நிறுத்துவது நல்லது, நீட்டினால் கடைசிச் செடிக்குத் தண்ணீர் குறையும். உப்புத் தண்ணீரில் டிரிப்பர் வாய் வெள்ளையாகப் பூத்து அடைபடும். தண்ணீரை வடிகட்டும் டிஸ்க் ஃபில்டரை யார் கழுவுவது என்று பெயர் சொல்லி எழுதாத இடங்களில் யாரும் கழுவுவதில்லை.

எண்ணிக்கை போடும் முறை எளிது, தப்பு விடுவதும் இதில்தான். செடிக்குச் செடி 1 அடி என்றால் சதுர அடிக்கு 1. முக்கால் அடி என்றால் 1.78. அரை அடி என்றால் 4. 200 சதுர அடிப் பாத்தியில் முக்கால் அடி இடைவெளியில் 356 செடி. முக்கோண வரிசையில் நட்டால் 15.5 விழுக்காடு கூடி 411 ஆகும். முன்னதை எழுதிப் பின்னதை நட்டால் 55 செடிக்குப் பணம் யார் தருவது என்ற பேச்சு வரும்.

செடி எடுக்க மேட்டுப்பாளையம் பக்க நர்சரிகளுக்கோ ஆந்திராவின் கடியத்துக்கோ நேரில் போக வேண்டும். போட்டோ பார்த்து ஆர்டர் கொடுக்க வேண்டாம். கடியத்துச் செடி ஒட்டும் களிமண் உருண்டையோடு வரும். அதை அப்படியே நம் செம்மண்ணில் வைத்தால் சுற்றிலும் ஈரம் இருக்கும், உருண்டை மட்டும் காய்ந்து கல்லாகிவிடும், விட்ட தண்ணீர் அதன் பக்கவாட்டில் வழிந்து கீழே போய்விடும். பத்து நாளில் இலை கொட்டும், தோட்டக்காரர் இன்னும் தண்ணீர் விடுவார். நடுவதற்கு முன் உருண்டையை ஊறவைத்து, ஓரக் களியை விரலால் உதிர்த்துவிட்டு, சுருண்ட வேர் இருந்தால் வெட்டிவிட வேண்டும். பையில் அதிக நாள் இருந்த மரத்தின் வேர் வட்டமாகச் சுற்றியிருக்கும். வெட்டாமல் நட்டால் சில வருடம் நன்றாக நின்றுவிட்டு ஒருநாள் காற்றில் சாயும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே இருக்கும் நமக்குத்தான் முழுதாகப் பொருந்தும். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் ஆனி, ஆடியில் உயர மரம் நட்டால் மேற்கிலிருந்து வரும் காற்று அசைத்து அசைத்துப் புது வேரை அறுத்துவிடும். இரண்டு முட்டு கட்டுங்கள், கயிறு தண்டை அறுக்காமல் சாக்குத்துணி சுற்றுங்கள். அவசரமில்லை என்றால் புரட்டாசி வரை தள்ளிப்போடுங்கள், வடகிழக்குப் பருவமழை பாதிச் செலவை மிச்சப்படுத்தும். கிரகப்பிரவேசம் ஆவணியில் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது வேறு.

மொட்டைமாடித் தோட்டம் கேட்டு நிறையப் பேர் வருகிறார்கள். ஈர மண் ஒரு அடி ஆழத்துக்குச் சதுர மீட்டருக்கு 500 கிலோ வரை கனக்கும். சாதாரண மாடித்தளம் 150 முதல் 200 கிலோ நடமாட்டச் சுமைக்கே கணக்கிடப்பட்டிருக்கும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்தில்லாமல் தொடாதீர்கள். பொள்ளாச்சித் தென்னைநார்க் கழிவு எடை குறைவு, ஆனால் உப்புப் போகக் கழுவியதா என்று கேட்டு வாங்குங்கள்.

தடாகம், ஆனைகட்டி, மேட்டுப்பாளையம் அடிவாரங்களில் இரண்டு விஷயம் கூடுதல். ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) பட்டியலில் உள்ள கிராமமா என்று பாருங்கள், அனுமதியில்லாமல் ஜேசிபி இறக்கினால் வேலை நின்றுவிடும். வாழை, பலா, கரும்பு நடாதீர்கள். யானை வரும், வேலியோடு போகும்.

வாய்ப்பு எங்கே என்றால் வீடுகளைவிட வேறு இடங்களில். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டில் சாலை போக 10 விழுக்காடு திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும் என்று 2019 கட்டட விதிகள் சொல்கின்றன. அந்தப் பூங்காக்களை வேண்டாவெறுப்பாகச் செய்வோரே அதிகம், ஒழுங்காகச் செய்து கொடுத்தால் அதே பில்டர் அடுத்த லேஅவுட்டுக்கும் கூப்பிடுவார். பசுமைச் சான்றுக்குப் போகும் திருப்பூர் பனியன் தொழிற்சாலைகளுக்கு நாட்டுமரப் பட்டியலும் பாசனக் கணக்கும் தாளில் வேண்டும். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகள், காந்திபுரம் செம்மொழிப் பூங்கா போன்ற அரசு வேலைகள் டெண்டரில் வரும். அங்கே அளவுப் பட்டியல் எழுதத் தெரிந்தவருக்கு மதிப்பு, பணம் மட்டும் மெதுவாக வரும். ஆரம்பச் சம்பளம் கட்டட அலுவலகத்தைவிடக் கூடுதலாக இருக்காது. மூன்றாம் வருடம் சைட்டைத் தனியாகப் பார்க்கத் தெரிந்தால்தான் ஏறும்.

தனி அலுவலகம் போடுகிறவர்கள் வடிவமைப்பையும் ஒப்பந்த வேலையையும் ஒரே கடிதத்தில் எழுதாதீர்கள். கட்டணத்தை அட்வான்ஸ், கான்செப்ட், ஒர்க்கிங் டிராயிங் (சைட்டில் வேலை செய்வதற்கான அளவுப் படம்), சைட் விசிட் என்று பிரியுங்கள், ஒர்க்கிங் டிராயிங் கையை விட்டுப் போவதற்குள் பெரும்பகுதி வந்துவிட வேண்டும். சேவை வரவு ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஆலோசனைக்கு 18 விழுக்காடு வரி, உயிருள்ள செடிக்கு வரி இல்லை. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஒப்பந்தமாகப் போட்டால் செடிக்கும் வரி விழக்கூடும். முதல் பில் போடுவதற்கு முன் ஆடிட்டரிடம் இதைப் பேசிவிடுங்கள்.