மாவு இருக்கா?

ஜனவரி 4, 2025, சனி

எங்கள் வீட்டில் ராத்திரி ஏழு மணிக்கு யாரும் "என்ன சமையல்?" என்று கேட்பதில்லை. "மாவு இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். இருக்கிறது என்றால் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இல்லை என்றால் அந்த முகங்களைப் பார்க்க வேண்டும். பத்து நாளைக்கு ராத்திரிச் சாப்பாட்டை எழுதி வைக்கலாம் என்று தோன்றியபோது, மாவு ஆட்டுகிற சனிக்கிழமையில் ஆரம்பிப்பதுதான் முறை என்று பட்டது.

நாலு உழக்கு இட்லி அரிசி, ஒரு உழக்கு உருட்டு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அரிசி அம்பை 16. பக்கத்தில் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் கொண்டுவந்த ரகம். குட்டையாக, உருண்டையாக இருக்கும். இதையே சோறாக வடித்தால் என் மகன் தட்டைத் தள்ளிவிடுவான். இட்லியாக அவித்தால் எட்டு தின்பான்.

மாவு ஆட்டுகிற அன்றைக்குச் சாப்பாடு மோசமாகத்தான் இருக்கும். மத்தியானச் சோறு, சுண்டின குழம்பு, அப்பளம். யாரும் வாய் திறக்கவில்லை. கிரைண்டர் ஓடுகிற சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லையோ என்னவோ.

ஜனவரி 5, ஞாயிறு

காலையில் தூக்கைத் திறந்தால் மாவு வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது. மார்கழிப் பனி. பாளையங்கோட்டையில் பனியா என்று ஊட்டிக்காரர்கள் சிரிக்கலாம், மாவுக்குத் தெரியும்.

"கையைப் போட்டுக் கரைச்சியா, கரண்டியால கரைச்சியா?" என்றார் அத்தை. கரண்டியால்தான். அந்தப் பார்வையைப் பார்த்ததும், அடுத்த வாரம் கை என்று முடிவு செய்தேன். மகன் பிளஸ் டூ. "ஆச்சி, மாவைப் பொங்க வைக்கிறது லியூகோநாஸ்டாக்னு ஒரு பாக்டீரியா. எங்க புக்லயே போட்டிருக்கு. அது உளுந்துலயே இருக்கும், கையில இருந்து வரணும்னு இல்லை" என்றான். "அப்போ அதையே வந்து பொங்க வைக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அத்தை பூப்பறிக்கப் போய்விட்டார்.

தூக்கை வெந்நீர் அண்டாவுக்குள் இறக்கி மூடி வைத்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு மூடியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. எட்டு மணிக்கு, தட்டில் துணி போட்டு முதல் ஈடு. தேங்காய்த் துவையல், சாம்பார். இட்லி நன்றாக வந்தால் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். இன்றைக்கு யாரும் பேசவில்லை.

ஜனவரி 6, திங்கள்

தோசை. நாலு பேருக்கு ஒரு கல். முதல் தோசை அத்தைக்கு, அடுத்தது மகனுக்கு, அப்புறம் அவருக்கு, மறுபடி மகனுக்கு. என் முறை வரும்போது துவையல் கிண்ணத்தின் அடியில் தாளித்த கடுகு மட்டும் கிடந்தது. போன தீபாவளிக்கே இரண்டாவது கல் வாங்கியாயிற்று. இரண்டாவது அடுப்பில் எப்போதும் பால் இருக்கிறதே, என்ன செய்ய?

ஜனவரி 7, செவ்வாய்

இன்றைக்கு என் நாள்.

மூன்றாம் நாள் மாவைத் திறந்ததும் மூக்கில் ஒரு புளிப்பு ஏறும். அத்தைக்கு அது ஆகாது. மகன் "புளிக்குது" என்று இரண்டோடு எழுந்துவிடுவான். எனக்கோ அந்த வாசத்துக்குத்தான் பசியே எடுக்கும். கனமாக ஊற்றி, சின்ன வெங்காயம் அரிந்து தூவி, சுற்றிலும் நல்லெண்ணெய் விட்டு, மூடி போட்டு, சின்னத் தீயில் விட்டுவிட வேண்டும். அடி முறுகி, நடு பஞ்சாக, மேலே வெங்காயம் பாதி வெந்து பாதி பச்சையாக. தொட்டுக்கொள்ளச் சட்னி எதுவும் வேண்டாம். மிளகாய்ப்பொடி போதும். வற்றல், உளுந்தம்பருப்பு, கறுப்பு எள், காயம், உப்பு. கொரகொரவென்று திரித்தது. நைசாகப் பொடித்து டப்பாவில் விற்கிறார்களே, அது திருநீறு மாதிரி இருக்கிறது.

அப்பா கடைசி பஸ்ஸில் வருகிறவர். பத்தரை ஆகும். நாங்கள் மூன்று பிள்ளைகளும் படுத்திருப்போம். அம்மா தகரக் கதவை நீக்கும் சத்தம் கேட்கும், அப்புறம் கல்லில் மாவு விழும் சத்தம். அந்த நேரத்தில் மிச்சம் இருப்பது புளித்த மாவுதான், ஒன்றோ ஒன்றரையோ ஊற்ற வரும். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து போய் அப்பா பக்கத்தில் உட்காருவேன். சாப்பிட்டுவிட்டுத்தான் படுத்திருப்பேன், அது அவருக்கும் தெரியும். ஒன்றும் கேட்காமல் பாதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளுவார். முறுகின பக்கம் என்னிடம் வரும்.

ஜனவரி 8, புதன்

அடி மாவு. பச்சரிசி மாவு இரண்டு கை சேர்த்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம். புளிப்பு அடங்கிவிட்டது. மகன் பதினாலு தின்றான். அதே மாவுதான் என்று சொல்லவில்லை.

ஜனவரி 9, வியாழன்

மாவு இல்லை. உளுந்தம்பருப்புச் சோறு வைத்தேன்.

திருநெல்வேலிக்கு வெளியே இதைச் சொன்னால் "உளுந்தில் சோறா?" என்பார்கள். ஒரு உழக்கு அரிசிக்கு அரை உழக்கு தொலி உளுந்து. உளுந்தை வாசம் வரும் வரைக்கும் வெறும் சட்டியில் வறுத்துக்கொண்டு, உரித்த பூண்டு ஒரு கை, சீரகம், வெந்தயம், துண்டு சுக்கு, தேங்காய்த் துருவல் எல்லாம் போட்டுக் குழைய வேக வைக்க வேண்டும். தொலியோடு வேகிறதால் சோறு சாம்பல் நிறத்தில் இருக்கும். அதற்குத் துணை எள்ளுத் துவையல், அது கறுப்பு. படம் எடுத்துப் போட்டால் அனுதாபம்தான் கிடைக்கும். சுடச்சுட உருட்டி, நடுவில் குழி பண்ணி நல்லெண்ணெய் ஊற்றி, துவையலைத் தொட்டு ஒரு வாய் போட்டால் அப்புறம் பேச்சு கிடையாது.

நான் வயசுக்கு வந்தபோது இடுப்புக்குப் பலம் என்று இந்தச் சோறும் உளுந்தங்களியும் மாற்றி மாற்றித் தந்தார்கள். ஒரு கட்டத்தில் உளுந்து வறுக்கிற வாசம் வந்தாலே மாடிக்கு ஓடிவிடுவேன். இன்றைக்கு நானே வறுத்து, நானே இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 10, வெள்ளி

வைகுண்ட ஏகாதசி. பக்கத்து வீட்டு மாமி விடிவதற்குள் ராஜகோபாலசுவாமி கோயிலுக்குப் போய்ச் சொர்க்கவாசல் பார்த்துவிட்டு வந்தார். இன்று அவர்கள் வீட்டில் அரிசி கிடையாது, ராத்திரிக்குக் கோதுமை ரவை உப்புமா. எங்கள் வீட்டிலும் உப்புமா. மாவு இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

"நாமளும் விரதமா?" என்றான் மகன். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 11, சனி

உளுந்து பாதி அரைபட்டுக்கொண்டிருக்கும்போது கிரைண்டர் பெல்ட் அறுந்தது. கல் நின்றுவிட்டது, மோட்டார் மட்டும் ஓடுகிறது. ரிப்பேர் கடையில் "பொங்கல் கழிச்சு வாங்கக்கா" என்றார்கள். மிக்சியில் அரைத்தால் மாவு சூடேறி இட்லி கல்லாகிவிடும். பாக்கெட் மாவு வாங்கி வருகிறேன் என்று அவர் செருப்பைத் தேடினார். அத்தை ஒன்றும் சொல்லாமல் கொல்லைப்பக்கம் போய், ஆட்டுக்கல்லின் மேல் வைத்திருந்த துளசித் தொட்டியை நகர்த்தினார்.

கழுவிக் கழுவி எத்தனை தண்ணீர் ஊற்றினோம் என்று கணக்கில்லை. அப்புறம் முறை வைத்து ஆட்டினோம். அவர் ஐந்து நிமிஷம், மகன் பத்து நிமிஷம் (அதில் நாலு நிமிஷம் வீடியோ எடுத்தான்), மிச்சம் நான். அத்தை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மாவைக் குழிக்குள் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயதில் அந்தக் கை குழவிக்கு நடுவே போய் வருகிற லாவகம்! எனக்குத்தான் பயமாக இருந்தது.

"ஆட்டுக்கல்லுல ஆட்டினா அந்த ருசியே தனி, இல்லம்மா?" என்றார் அவர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"அப்படிச் சொல்றவங்க யாரும் ஆட்டினது கிடையாது" என்றார் அத்தை. "உங்க அப்பாவும் சொல்லுவாங்க. பதினோரு பேருக்கு ஆட்டுவேன். கிரைண்டர் வந்த அன்னைக்கு நான் அதுக்குச் சூடம் காட்டினேன்."

இதை அத்தை சொல்லி நான் கேட்டதில்லை. இருபது வருஷமாக ஒரே அடுக்களையில் இருக்கிறோம்.

கையைப் போட்டுத்தான் கரைத்தேன். சாப்பாடு, ரசம் சோறும் சிறுகிழங்குப் பொரியலும். பொங்கல் நெருங்கிவிட்டதால் கிழங்கு வந்து குவிகிறது. மண் போகக் கழுவி, சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோல் எடுப்பதற்குள் மிச்சமிருந்த கையும் போய்விட்டது.

ஜனவரி 12, ஞாயிறு

மாவு காலையிலேயே பொங்கி மூடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. கையா, ஆட்டுக்கல்லா, பனி குறைந்ததா என்று வீட்டில் மூன்று கட்சி.

இட்லி? போன வாரம் மாதிரியேதான் இருந்தது. அவர் மட்டும் "தனி ருசி" என்றார். அத்தை என்னைப் பார்த்தார். நான் சாம்பாரை நகர்த்தினேன்.

ஜனவரி 13, திங்கள்

போகி, திருவாதிரை இரண்டும் ஒரே நாளில். அத்தை மூன்று மணிக்கே எழுந்து, நெல்லையப்பர் கோயிலில் தாமிர சபைக்கு முன்னால் ஆருத்ரா தரிசனம் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் களி. வறுத்த அரிசியும் பாசிப்பருப்பும் உடைத்து, கருப்பட்டி சிலர் போடுவார்கள், நாங்கள் மண்டை வெல்லம். கூடத் தாளகம். சேனை, பூசணி, வாழைக்காய், அவரை, மொச்சை, சர்க்கரைவள்ளி, சிறுகிழங்கு என்று ஏழு காய். எள், துவரம்பருப்பு, வற்றல், தேங்காய் வறுத்து அரைத்து ஊற்றிய குழம்பு. இனிப்பான களிக்கு இந்தக் காரத்தை யார் முதலில் சேர்த்தார்களோ, நல்ல நாக்கு.

ராத்திரி தோசை ஊற்றி, மிச்சமிருந்த தாளகத்தைச் சுட வைத்து மேலே விட்டேன். காலையில் இருந்ததைவிட இப்போது நன்றாக இருந்தது, எள்ளின் எண்ணெய் மேலே மிதந்துகொண்டு. பாலை இறக்கி வைத்துவிட்டு இரண்டாவது கல்லையும் போட்டேன். அத்தை மூன்று தோசை சாப்பிட்டார்.

கடைசியில் தூக்கில் இரண்டு கரண்டி மாவு மிச்சம். நாளைக்குப் பொங்கல், வீடு முழுக்கச் சர்க்கரைப்பொங்கலாக இருக்கும், யாரும் மாவைத் தேடமாட்டார்கள். நாளை ராத்திரி அதற்கு மூன்றாம் நாள். சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, ஃபிரிட்ஜில் தயிருக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் மாவு இல்லை.