தங்கையின் காலை வெளிச்சம்

தக்கலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் மார்கழியிலும் பகல் 11 மணி நேரத்துக்குக் குறைவதில்லை. ஸ்டாக்ஹோமில் செவிலியராகப் பணிபுரியும் என் தங்கைக்கோ டிசம்பரில் ஏறத்தாழ 6 மணி நேரம்தான் பகல். அதிலும் பெரும்பகுதி மருத்துவமனைச் சுவர்களுக்குள் கழிந்துவிடும். சென்ற இரண்டு குளிர்காலங்களிலும் எவ்வளவு உறங்கினாலும் தீராத அசதியோடும் எதிலும் பிடிப்பின்றியும் இருந்தவள், ஒருநாள், "அண்ணா, அழக்கூடத் தோணல்ல" என்றாள். வீட்டு ஏக்கம் என்றே நாங்கள் எண்ணினோம்; அது எங்கள் தவறு. அது பருவகால மனச்சோர்வு. 1984ஆம் ஆண்டில் மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தாலும் அவருடைய சக ஆய்வாளர்களும் விவரித்துப் பெயரிட்ட நோய்.

இந்தக் குளிர்காலத்தில் மருத்துவரின் ஆலோசனைப்படி, விழித்தெழுந்த ஒரு மணி நேரத்துக்குள், புற ஊதாக் கதிர்கள் வடிகட்டப்பட்ட 10,000 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு) விளக்கின் முன் அரை மணி நேரம் அமர்கிறாள். வீட்டு விளக்குகள் சில நூறு லக்ஸ் மட்டுமே தருவதால் அவை இதற்கு ஈடாகா. விளக்கை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. கண்கள் திறந்திருந்தால் போதும். காலையில் விழும் அந்த ஒளி, உறக்கத்துக்கு உடலைத் தயார்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பை அடக்கி, பிந்திப்போன உடல் கடிகாரத்தை முன்னுக்கு நகர்த்துகிறது. இருமுனை மனநிலைக் கோளாறோ விழித்திரை நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கவே கூடாது.

நேற்றுக் காணொளி அழைப்பில் அவளுடைய கட்டன்சாயாவின் ஆவி அந்த ஒளியில் வெண்மையாக எழுவது தெரிந்தது. தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டு, "முகம் தெளிஞ்சிருக்கு மக்களே" என்றார்.