ரெசிடென்சி விண்ணப்பமும் என்னைப் பற்றி மற்றவர்கள் எழுதிய தாள்களும்

2024 மார்ச்சில் எனக்கு அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசினில் (பொது மருத்துவம்) மேட்ச் ஆனது, அதாவது எம்பிபிஎஸ்ஸுக்குப் பிறகான ரெசிடென்சி பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அன்றிலிருந்து ஜூனியர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, ஸ்டெப் 2 ஸ்கோர் எவ்வளவு?" ஸ்டெப் 1, ஸ்டெப் 2 என்பவை அமெரிக்க மருத்துவ லைசென்ஸ் தேர்வுகள், எனக்கு ஸ்டெப் 2ல் 247. ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த ஸ்கோர் இல்லை, என்னைப் பற்றி மற்றவர்கள் எழுதித் தர வேண்டிய தாள்கள்தான்.

2022 ஜனவரி 26லிருந்து ஸ்டெப் 1க்கு மூன்று இலக்க ஸ்கோர் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில், அவ்வளவுதான். எங்கள் சீனியர்கள் ஸ்டெப் 1ல் 250 எடுத்துவிட்டுத் தைரியமாக விண்ணப்பித்தார்கள். எங்கள் பேட்சுக்கு எண் என்று மிஞ்சியது ஸ்டெப் 2 ஒன்றுதான், மீதியெல்லாம் வார்த்தை.

அதில் முக்கியமானது எம்எஸ்பிஇ. டீன் லெட்டர் என்று சொல்வார்கள், ஆனால் அது பரிந்துரைக் கடிதம் அல்ல, நாம் படித்த வருடங்கள் எப்படிப் போயின என்று கல்லூரி தரும் கணக்கு. அமெரிக்க மாணவர்களுக்கு மெடிசின், சர்ஜரி என்று ஒவ்வொரு போஸ்டிங் முடிந்ததும், வார்டில் கூட இருந்த டாக்டர்கள் மதிப்பீடு எழுதுவார்கள். பல கல்லூரிகளில் ஹானர்ஸ், ஹை பாஸ், பாஸ் என்று கிரேடு உண்டு, வகுப்பில் எத்தனை பேருக்கு எந்த கிரேடு என்பதும் எம்எஸ்பிஇயிலேயே இருக்கும். நமக்குப் போஸ்டிங் முடிந்தால் லாக் புக்கில் ஒரு கையெழுத்து, கீழே தேதி.

நான் படித்தது தமிழ்நாட்டில் ஒரு அரசுக் கல்லூரி. டீன் ஆபீஸில் போய்க் கேட்டபோது கிளார்க் அண்ணன் நன்னடத்தைச் சான்றிதழ் ஃபார்மை எடுத்து நீட்டினார். "இல்லண்ணா, இது வேற" என்று போனில் ஒரு மாதிரியைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, "இவ்வளவும் உன்னைப் பத்தி யாரும்மா எழுதுவா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

கடைசியில் உட்கார்ந்து எழுதியது எங்கள் மெடிசின் யூனிட் சீஃப் மேடம். ஓபி முடிந்ததும் மதியம் இரண்டு மணிக்கு மேல், மூன்று நாள். சிஆர்ஆர்ஐ என்கிற ஹவுஸ் சர்ஜன் வருடத்தில், டெங்கு சீசனில் நான் போட்டுவைத்த பிளேட்லெட் சார்ட் வரைக்கும் அவருக்கு நினைவிருந்தது. அதற்குள் டீன் மாற்றலாகிப் போய்விட்டார், புது டீன் கையெழுத்துக்கு இன்னும் இரண்டு வாரம். அதனால் ஜூனிலேயே ஆரம்பியுங்கள். இன்னொன்று, கல்லூரி பற்றிய பகுதியில் இங்கே 50 சதவீதம் பாஸ், 75 டிஸ்டிங்ஷன் என்று கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். மெடிசினில் நான் 68. நமக்கு அது நல்ல மார்க், அந்த வரி இல்லாமல் படிப்பவருக்கு நான் சுமாரான மாணவி.

அப்புறம் பரிந்துரை லெட்டர்கள். ஒரு புரோகிராமுக்கு (ரெசிடென்சி நடத்தும் மருத்துவமனைக்கு) அதிகபட்சம் நான்கு அனுப்பலாம். அவற்றைப் படிக்கும் உரிமையை நாமே விட்டுக்கொடுப்பதுதான் வழக்கம், இல்லாவிட்டால் படிப்பவர்கள் அந்த லெட்டரை முழுசாக நம்பமாட்டார்கள். ஓஹியோவில் ஒரு மாதம் அப்சர்வர்ஷிப் செய்தேன். நோயாளியைத் தொடக்கூடாது, நோட்ஸ் எழுதக்கூடாது, ரவுண்ட்ஸில் கூடவே நடக்கலாம். முதல் வாரம், வயதான ஒருவருக்கு ரத்தத்தில் சோடியம் 124 என்று குறைந்திருந்தது. பிரஷருக்குத் தயசைட், மனச்சோர்வுக்கு செர்ட்ராலின், இரண்டும் சாப்பிடுகிறார். "எது காரணம், எப்படிப் பிரித்துச் சொல்வாய்?" என்று அட்டெண்டிங் (அந்த வார்டின் பொறுப்பு டாக்டர்) என்னைக் கேட்டார். வைவாவில் தெரியாது என்று சொன்னால் கதை முடிந்தது என்று பழகிய வாய், எதையாவது சொல்லத்தான் துடித்தது. ஆனாலும் தெரியாது என்றேன். அன்று ராத்திரி உட்கார்ந்து படித்து, யூரின் சோடியம், ஆஸ்மோலாலிட்டி, யூரிக் ஆசிட் எதுவரை உதவும், எந்த இடத்துக்கு மேல் மருந்தை நிறுத்திப் பார்ப்பதுதான் வழி என்று ஒரு பக்கத்தில் எழுதி, காலை ஆறரைக்குச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

கடைசி வாரத்தில் அவரிடம், "உங்களால் எனக்கு வலுவான லெட்டர் எழுத முடியுமா?" என்று கேட்டேன். வெறும் லெட்டர் கேட்காதீர்கள், வலுவான லெட்டர் என்றே கேளுங்கள். தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள், மனக்கசப்பே இல்லை.

செப்டம்பரில் விண்ணப்பம். எந்தப் புரோகிராமில் நமக்கு உண்மையான ஆர்வம் என்று தெரிவிக்கும் சிக்னல்கள் கொஞ்சம்தான் உண்டு. நம்மைப் போன்ற, அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் 2023 மார்ச்சில் மேட்ச் ஆனது 59.4 சதவீதம்தான், அதனால் அவற்றைக் கனவுக்குச் செலவழிக்காமல், நம்மவர்களை ஏற்கனவே எடுத்திருக்கும் இடங்களாகப் பார்த்துக் கொடுத்தேன். ஐந்து இன்டர்வியூ வந்தது.

மூன்றாவது இன்டர்வியூவில், ஜூமில், புரோகிராம் டைரக்டர் ஸ்கோரைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. ஏதோ ஒரு தாளைப் பார்த்துக்கொண்டே, "சோடியம் 124, தெரியாது என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை பதிலோடு வந்தது நீங்கள்தானே? அந்த நோயாளிக்கு அப்புறம் என்ன ஆனது?" என்று கேட்டார். தயசைடை நிறுத்தியதும் நான்கு நாளில் 133க்கு வந்தது என்று சொன்னேன், அப்படியே இருபது நிமிடம் அந்த ஒரு கேஸைப் பற்றித்தான் பேசினோம்.

மார்ச் 15, வெள்ளிக்கிழமை, நம் நேரம் இரவு ஒன்பதரைக்கு மெயில் வந்தது. அதே புரோகிராம்தான்.