ஓட்டை போடாமல் ஒரு புளூடூத்

ஜூலை 5, சனி

பரணில் பழைய சேலைக்குள் சுற்றி வைத்திருந்த தாத்தாவின் ரேடியோவை இன்று இறக்கினேன். எண்ணம் சின்னதுதான்: உள்ளே ஒரு புளூடூத் போர்டை வைத்துவிட்டால் போனில் இருக்கிற பாட்டெல்லாம் இதில் கேட்கும், ரேடியோ ரேடியோவாகவும் இருக்கும். ஆச்சி கட்டிலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, ஒங்க தாத்தா அதை யாரையும் தொட விடமாட்டாவ. பிரிச்சுப் போட்டுட்டு முழிச்சுக்கிட்டு நிக்காத."

ஒரு நிபந்தனையும் போட்டாள். பெட்டியில் எங்கேயும் ஓட்டை போடக் கூடாது. சரி என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு பெரிய வாக்கு என்று அப்போது தெரியவில்லை.

பின்மூடியைத் திறந்தால் ரேடியோ லைசன்ஸ் புத்தகம். வில்லை ஒட்டி, முத்திரை குத்தி, தபால் ஆபீசில் வருடா வருடம் புதுப்பித்தது. 1980களில் அந்த லைசன்ஸ் முறை ஒழிந்த பிறகும் தாத்தா தூக்கிப் போடவில்லை. அதற்குக் கீழே நாலு பெரிய பேட்டரிக் கட்டைகள், கசிந்து, ஸ்பிரிங் முழுக்கப் பச்சை பூத்துப் போய். பழைய கார்பன் கட்டை கசிந்தால் அது அமிலம், அதனால் ஆப்பசோடா கரைத்த தண்ணீரைப் பழைய பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்தேன். நுரைத்துக்கொண்டு வந்தது. ஸ்பிரிங் பிழைத்துவிட்டது.

ரேடியோவின் சர்க்யூட் போர்டைப் பார்த்ததும் ஒன்றைக் குறித்துக்கொண்டேன். டிரான்சிஸ்டர் எல்லாம் ஜெர்மேனியம், எல்லாம் பிஎன்பி என்கிற வகை. அதாவது இந்த செட்டில் பொது இணைப்பாக இருப்பது பேட்டரியின் பிளஸ். நாம் பழகிய எல்லாவற்றிலும் மைனஸ்தான் கிரவுண்ட். இங்கே உலகம் தலைகீழ். கெப்பாசிட்டர்களின் பிளஸ் காலே சேசிஸை, அதாவது உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்தை, தொட்டுக்கொண்டு நிற்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

உலர்ந்த எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் ஐந்தையும் மாற்றினேன். வால்யூம் குமிழின் நடுக்காலை ஸ்க்ரூடிரைவரால் தொட்டால் ஸ்பீக்கரில் 'கொர்' என்றது. பாதி செட்டுக்கு உயிர் இருக்கிறது. ஆனால் ஸ்டேஷன் எதுவும் வரவில்லை.

ஸ்டேஷனைப் பிடிக்கிற முன்பகுதியில் மூன்று ஏஎஃப்117 டிரான்சிஸ்டர். இந்த வகை டிரான்சிஸ்டருக்கு மூன்று கால் இல்லை, நாலு. நாலாவது கால் வெளி உலோகக் கூட்டோடு சேர்ந்தது, சேசிஸுக்குப் போகும். பல வருடம் ஆனால் கூட்டின் உட்புற வெள்ளீயப் பூச்சிலிருந்து முடியை விட மெல்லிய இழைகள் தானாக முளைத்து, உள்ளே இருக்கும் கம்பியைப் போய்த் தொட்டுவிடும். அங்கேயே ஷார்ட். நாசாவின் ஆய்வாளர்களே இந்த வகையை உடைத்து நுண்ணோக்கியில் படம் எடுத்திருக்கிறார்கள். யாரும் தொடாமல் பரணில் கிடந்த பெட்டிக்குள் இத்தனை வருடமாக மீசை வளர்ந்திருக்கிறது!

பென்சிலால் ஒவ்வொன்றின் தலையிலும் சுண்டிப் பார்த்தேன். இரண்டாவதைச் சுண்டியதும் ஒரு கணம் யாரோ பேசினார்கள், நின்றுபோனது. அதுதான் ஆள். புதிதாக வாங்கவேண்டிய அவசியமில்லை. நாலாவது காலை மட்டும் வெட்டிவிட்டால் கூடு எதனோடும் சேராமல் தனியாக நிற்கும். மீசை தொட்டாலும் கவலையில்லை. கட்டரை வைத்து 'டிக்'.

சென்னை வானொலி, 720 கிலோஹெர்ட்ஸ். ஊசி கொஞ்சம் தள்ளிக் காட்டுகிறது. ஆச்சி எழுந்து வந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஜூலை 9, புதன்

ஆபீஸ் வேலை. ஒன்றும் செய்யவில்லை. இரவு ஊசியை மெல்ல நகர்த்தினால் இரைச்சலுக்கு அடியில் தெலுங்கு, அப்புறம் சிங்களம் மாதிரி ஒன்று. பகலில் மீடியம் வேவை விழுங்கிவிடும் அயனி அடுக்கு இரவில் கரைந்துவிடுவதால், அதற்கும் மேலே இருக்கும் அடுக்கில் பட்டுத் திரும்பி இவ்வளவு தூரம் வருகிறது. ஆனால் இரைச்சல்தான் மண்டையைப் பிளக்கிறது.

ஜூலை 12, சனி

ரிச்சி தெரு. புளூடூத் ஆடியோ போர்டு ஒன்று, தீப்பெட்டியில் பாதி இருக்கும், 150 ரூபாய். கூடவே மின்னழுத்தத்தைக் குறைக்கும் பக் கன்வர்ட்டர், 18650 என்கிற லித்தியம் செல்லை சார்ஜ் செய்கிற டிபி4056 போர்டு. செல் வீட்டிலேயே இருக்கிறது, செத்த லேப்டாப் பேட்டரியைப் பிரித்ததில் தேறியது.

உள்சந்து ஒன்றில் பழைய டயல்-அப் மோடம் குவியலைப் பார்த்ததும் கால் நின்றது.

"எதுக்கு மேடம் இது? இதுல இப்ப இன்டர்நெட் வராது."

"உள்ள ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும்ணே, அதுக்குத்தான்."

முப்பது ரூபாய்க்குக் கொடுத்தார். என்னைப் பார்த்த பார்வைக்குத் தனியாக ஐந்து ரூபாய் கழித்திருக்கலாம்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று நான் முட்டாள். 5-ஆம் தேதி கொட்டை எழுத்தில் எழுதி வைத்ததை 13-ஆம் தேதி மறந்தேன். ரேடியோவின் 6 வோல்ட்டிலிருந்து பக் கன்வர்ட்டர் வழியாகப் புளூடூத் போர்டுக்குக் கரண்ட் கொடுத்தேன். அதுவரை சரி. ஆடியோ வயரின் கிரவுண்டை, கை பழகிய பழக்கத்தில், வால்யூம் குமிழின் சேசிஸ் பக்கம் பற்றவைத்தேன். போர்டின் கிரவுண்ட் பேட்டரியின் மைனஸ். சேசிஸ் பேட்டரியின் பிளஸ். சுவிட்சைப் போட்டதும் அந்த மெல்லிய வயரின் உறை சுருங்கி, பின்வாங்கி, வெல்லப்பாகு வாசனை மாதிரி ஒன்று வந்தது. இரண்டு விநாடி. பேட்டரியைப் பிடுங்கினேன்.

"என்னட்டி தீயுது?"

"ஒண்ணுமில்ல ஆச்சி, ஊதுவத்தி."

செட் தப்பியது, வயர்தான் போனது. அந்த வயரை வெட்டி எறிந்துவிட்டு வெறும் கன்வர்ட்டரை மட்டும் ஓடவிட்டு 720 வைத்துப் பார்த்தேன். இன்னொரு பாடம். ஸ்டேஷனே காணோம், ஊசி எங்கே போனாலும் வண்டு ரீங்காரம். பக் கன்வர்ட்டர் விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை கரண்டை வெட்டி வெட்டி விடுகிறது. அந்த வெட்டும் அதன் மடங்குகளும் மீடியம் வேவில்தான் போய் விழும். ரேடியோவுக்குள்ளேயே ரேடியோவின் எதிரியைக் குடி வைத்திருக்கிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 மணி முதல் மதியம் 2 வரை கரண்ட் இல்லை. வீட்டிலிருந்து வேலை என்பதால் லேப்டாப்பில் இருக்கிற சார்ஜை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆச்சி சும்மா இருக்க முடியாமல் ரேடியோவைப் போட்டாள்.

கூடத்தில் யாரோ உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்டது. வாசிப்பவர் பக்கம் திருப்புகிற சத்தம் வரை! பின்னால் ஒரு துளி இரைச்சல் இல்லை. எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. தெரு முழுக்க எல்இடி பல்பு, போன் சார்ஜர், ரவுட்டர் அடாப்டர் எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடியிருக்கின்றன. இத்தனை நாளும் நான் பழைய செட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். தாத்தா இதை வாங்கிய காலத்தில் தினமும் இப்படித்தான் கேட்டிருக்கும்.

கரண்ட் வந்ததும் பழைய இரைச்சல். ஆனாலும் ஒன்று செய்ய முடிந்தது. உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பிதான் ஆன்டெனா. கம்பியின் முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தத் திசையிலிருந்து வருவது அதற்குக் கேட்காது. ரவுட்டர் அடாப்டரை நோக்கி முனை வருகிற மாதிரி பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். பாதி இரைச்சல் போய்விட்டது. ஸ்டூலில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

ஜூலை 19, சனி

முழுதாக மாற்றி யோசித்தேன். பக் கன்வர்ட்டர் வேண்டாம். புளூடூத் போர்டு 18650 செல்லின் கரண்டிலேயே நேரடியாக ஓடுகிறது. ரேடியோவுக்கு நாலு கட்டை, போர்டுக்குத் தனிச் செல், இரண்டுக்கும் கம்பித் தொடர்பே கிடையாது. ஒலி மட்டும் தாண்ட வேண்டும். அதற்குத்தான் மோடத்தின் டிரான்ஸ்ஃபார்மர். டெலிபோன் லைனையும் கம்ப்யூட்டரையும் பிரித்து வைப்பதுதான் அதன் பிழைப்பே. 600 ஓமுக்கு 600 ஓம், சர்க்கரைக் கட்டி அளவு. பிளஸ் கிரவுண்ட் ஒரு பக்கம், மைனஸ் கிரவுண்ட் மறுபக்கம், நடுவில் காந்தப்புலம் மட்டும்.

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வால்யூம் குமிழுக்கு 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. அது இல்லாவிட்டால் ரேடியோ ஓடும்போது சத்தத்தையெல்லாம் டிரான்ஸ்ஃபார்மர் உறிஞ்சிவிடும்.

மிச்சம் இருந்தது சுவிட்ச். ஓட்டை போடக் கூடாதே. இரண்டு நாள் மூளையைக் கசக்கினேன். கடைசியில் பார்த்தால் விடை முன்பக்கமே இருக்கிறது. பேண்ட் மாற்றும் குமிழில் மூன்று நிலை: மீடியம் வேவ், சிற்றலைக்கு எஸ்டபிள்யூ 1, எஸ்டபிள்யூ 2. சிற்றலையில் இப்போது எங்கள் வீட்டில் எதுவும் பிடிப்பதில்லை. எஸ்டபிள்யூ 2 சுருளுக்குப் போகிற கம்பிகளைக் கழற்றி, அந்தத் தொடுமுனைகளைப் போர்டின் சுவிட்சாக மாற்றினேன். அந்த நிலைக்குப் போனால் ரேடியோ பகுதி தானாக ஊமையாகிவிடும், புளூடூத்துக்கு உயிர் வரும். மீடியம் வேவுக்குத் திருப்பினால் போர்டு செத்துவிடும், ரீங்காரமும் இல்லை. கழற்றிய கம்பிகளுக்கு உறை மாட்டி, காகிதச் சீட்டில் எழுதிக் கட்டியிருக்கிறேன். நாளைக்கே பழையபடி மாற்ற வேண்டுமென்றால் பதினைந்து நிமிட வேலை.

ஜெர்மேனியத்தில் போன் பாட்டு கொஞ்சம் மூக்கடைத்த மாதிரிதான் வருகிறது. எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

குமிழ் எஸ்டபிள்யூ 2-இல் இருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து சித்தி வாட்ஸாப்பில் குரல் அனுப்பியிருந்தாள். போன் புளூடூத்தில் இருப்பதை மறந்து தட்டிவிட்டேன். ரேடியோவிலிருந்து சித்தி: "எம்மா, நல்லா இருக்கியா? முழங்கால் வலி இப்ப தேவலையா?"

ஆச்சி பெட்டிப் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள். "எங்கட்டி, அப்படியேதான் கெடக்கு. நீ தைலம் அனுப்புதேன்னியே, அது என்னாச்சு?"

மைக் இல்லை ஆச்சி என்று நான் சொல்வதற்குள் வீட்டுச் செய்தி முழுவதையும் சொல்லி முடித்திருந்தாள். பதில் வராததால் குமிழைத் திருப்பி 720-க்குப் போய்விட்டாள்.