ஸ்டார் போட்ட சொல்

வெளிநாட்டுப் பதிப்பகங்களின் நூல்களை அச்சுக்கோர்த்துக் கொடுக்கும் நிறுவனங்கள் சென்னையில் நிறைய உண்டு. அப்படியொன்றில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ரஷ்யன், போலிஷ் முதலிய ஸ்லாவிய மொழிகளின் வேர்ச்சொல் அகராதிப் பக்கங்கள் என் மேசைக்கு வந்தன. மொழி தெரிய வேண்டியதில்லை. எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தால் போதும். ஸ்கேன் செய்த கோப்பில், சொல்லுக்கு முன்னால் நிற்க வேண்டிய ஸ்டாரை (*) மென்பொருள் அடிக்குறிப்பு என்று எண்ணி மேலே தூக்கிவிடும். கடைசி எழுத்தை ஆங்கில 'பி' ஆக்கிவிடும். இரண்டையும் திருத்தினால் வருவது *திக்கு, ஸ்லாவிய மொழிகளுக்கெல்லாம் தாயான மொழியின் சொல். நம்முடைய திக்குக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அந்த ஸ்டார் சின்ன விஷயமில்லை. இந்த வடிவம் எந்த ஏட்டிலும் கிடைக்கவில்லை, பிந்தைய மொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்தது என்று அது சொல்கிறது. அதை விட்டுவிட்டால் ஊகம் சான்றாகிவிடும்.

சொல்லின் பொருள் 'காட்டுத்தனமான'. ரஷ்ய மொழியில் தீக்கி, போலிஷில் ஜிக்கி. போலிஷில் 'ஜிக்' என்றாலே காட்டுப்பன்றிதான். செக்கில் திவோக்கீ, ஸ்லொவேனியனில் திவ்யி என்று 'வ' வருகிறது. 'க' வரும் சொற்களும் 'வ' வரும் சொற்களும் ஒரே வேரா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை.

என்னை நிறுத்தியது, ஸ்லாவியத்துக்கு நெருங்கிய பால்டிக் மொழிகளில் உள்ள உறவுச் சொற்கள். லிதுவேனியனில் தீக்கஸ் என்றால் வெறுமையான, சும்மா இருக்கிற. தீக்குமா என்றால் பாலைவனம். லாத்வியனில் தீக்ஸ் என்றால் வேலையின்றி இருப்பது. அப்படியானால் பழைய பொருளில் மூர்க்கமே இல்லாமல் இருந்திருக்கலாம். யாரும் கை வைக்காமல் விட்டது, அவ்வளவுதான். எனக்கு இந்த விளக்கம்தான் பிடித்திருக்கிறது. கருங்கடலுக்கு வடக்கே உள்ள புல்வெளியை ரஷ்யர்கள் 'தீக்கொயே போலெ', காட்டு வயல், என்றார்கள், போலந்துக்காரர்களும் அப்படியே. அங்கே நொகாய் என்ற நாடோடி இனத்து இடையர்கள் மந்தை மேய்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஏர் பிடிப்பவன் கண்ணுக்கு உழாத நிலம் எல்லாம் சும்மா கிடக்கிற நிலம்.

அப்புறம் சோவியத் காலத்து வழக்கு ஒன்று. 'திக்கார்' என்றால் காட்டுமிராண்டி. விடுமுறைக்குக் கருங்கடல் கரைக்குப் போக, வேலையிடத்திலோ தொழிற்சங்கத்திலோ ஓய்வில்லச் சீட்டு வாங்க வேண்டும். அது கிடைக்காதவர்கள் சொந்தமாகக் கிளம்பி, யார் வீட்டிலாவது அறை பிடித்துத் தங்குவார்கள். அவர்களே தங்களைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்வார்களாம், 'திக்காராகப் போனோம்' என்று.