அம்மாவோடு தேயிலை ருசி பார்க்கப் போன நாள்

என் அம்மா 34 வருடம் கொழுந்து எடுத்தவர். அவரை ஒரு டூரிஸ்ட் வானில் ஏற்றித் தேயிலைத் தோட்டம் பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்றதும், "அம்மா பார்க்காத தேயிலையா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கோப்பைகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக ருசி பார்ப்பார்களே, அந்த மேசைக்கு முன்னால் அம்மா ஒருநாளும் நின்றதில்லை. நானும் நின்றதில்லை. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே இருந்த லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, ராத்திரி கொழுந்து அரைக்கிற வாசத்திலேயே தூங்கி வளர்ந்த எனக்கு, தேயிலைத் தூள் வகைகளான பிஓபிக்கும் பிஓபிஎஃப்க்கும் என்ன வித்தியாசம் என்று 38 வயது வரைக்கும் தெரியாது. அந்த வெட்கம் கொஞ்ச நாளாகவே இருந்தது. அதனால்தான் போனோம்.

கண்டியிலிருந்து ஒருநாள் பயணம். காலையில் ஹந்தானை தேயிலை அருங்காட்சியகம், அப்புறம் கம்பளை, புசல்லாவை, ரம்பொடை வழியாக ஏறி ஒரு தோட்டம், அதே தோட்டத்து ஸ்டோர், ருசி பார்த்தல், நுவரெலியாவில் சாப்பாடு, இருட்டுவதற்குள் வீடு. பெப்ரவரி மாதத்தைத் தெரிந்துதான் எடுத்தேன். ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் மேற்குப் பக்க மலைகளில் மழை குறைந்து, பகலில் வெயிலும் ராத்திரி கடும் குளிருமாக இருக்கும். அப்போது கொழுந்து மெதுவாகத்தான் வரும், ஆனால் திம்புளை, நுவரெலியாத் தேயிலைக்கு வருடத்திலேயே நல்ல ருசி அந்த மாதங்களில்தான். வானில் எங்களோடு அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி, கொழும்பிலிருந்து ஒரு குடும்பம், வழிகாட்டி, டிரைவர். வழிகாட்டி நல்ல பையன், அம்மாவை "அம்மே, அம்மே" என்று கையைப் பிடித்து ஏற்றி இறக்கினான். விளக்கம் முழுக்க ஆங்கிலம், இடையிடையே சிங்களம்.

ஹந்தானை அருங்காட்சியகம் 1925இல் கட்டிய ஸ்டோர். 2001இல்தான் அருங்காட்சியகமாக மாறியது. உள்ளே பழைய ரோலர்கள், எஞ்சின்கள், ஜேம்ஸ் டெய்லரைப் பற்றிய பொருட்கள். அவர்தான் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டவர். இரண்டு வருடத்தில், 1869இல், கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் காணத் தொடங்கியது. அது கோப்பியைத் தின்று முடித்த பிறகுதான் மலை முழுக்கத் தேயிலை வந்தது. இதையெல்லாம் வழிகாட்டி அழகாகச் சொன்னான். இயந்திரங்களைப் பற்றி நாற்பது நிமிடம். மனிதர்களைப் பற்றி, "தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள்" என்று ஒரு வரி. எனக்கு அந்த இடத்தில் மனம் நின்றுவிட்டது. நம் ஆட்கள் வரத் தொடங்கியது டெய்லருக்கும் முன்னால், 1820களில், கோப்பித் தோட்டங்களுக்கு. மன்னாரில் இறங்கிக் காட்டுவழியாக மாத்தளை வரைக்கும் நடந்தே வந்தார்கள், வழியில் செத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. 200 வருடம் ஆனதை நினைத்து 2023இல் அதே பாதையில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனார்கள். நான் இதைத் திக்கித் திக்கி ஆங்கிலத்தில் சொன்னேன். அவுஸ்திரேலியா அம்மாவுக்கு ரொம்ப ஆர்வம், நிறையக் கேட்டார். வழிகாட்டியும் கோபப்படவில்லை, "அடுத்த தடவை சொல்கிறேன் அக்கா" என்றான். சொல்வான் என்றுதான் நம்புகிறேன்.

புசல்லாவை தாண்டியதும் குளிர் ஏறியது. கொத்மலை நீர்த்தேக்கம் கீழே தெரியத் தொடங்கியதும் அம்மா கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு, எந்த மலை கவ்வாத்து வெட்டியது, எது வெட்டி எத்தனை மாதம் ஆனது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

தோட்டத்தில் இறங்கியதும் "கொழுந்து பறிக்கும் அனுபவம்". ஆளுக்கு ஒரு கூடை, தலையில் கட்டத் துணி, படம் எடுக்க ஒரு வளைவு. கொழும்புப் பிள்ளைகள் சந்தோஷமாக ஓடினார்கள். அம்மாவிடமும் கூடையை நீட்டினார்கள். அம்மா கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாம் தம்பி. நான் அத எறக்கி வச்சிட்டேன்." அவ்வளவுதான் சொன்னார். முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. நான் மட்டும் கொஞ்ச நேரம் தள்ளிப் போய் நின்றேன், ஏனென்றால் அந்தக் கூடையின் வார் அழுத்தி அம்மாவின் உச்சியில் முடி தேய்ந்த இடம் எனக்குத் தெரியும், சின்ன வயதில் எண்ணெய் வைத்து விடுவது நான்தான்.

ஸ்டோருக்குள் போனதும் அதே வாசம். பச்சையும் இல்லாமல் காய்ந்ததும் இல்லாமல், ஆப்பிள் வெட்டினது மாதிரி ஒரு இனிப்பு வாசம். மாடியில் நீளத் தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பி அடியிலிருந்து காற்று விட்டு வாட்டுகிறார்கள், பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்புறம் ரோலரில் போட்டு முறுக்கி இலையை உடைப்பது. உடைந்த இலையின் சாறு காற்றோடு சேர்ந்து பச்சை நிறம் செம்பு நிறமாகிறது. புளிக்க வைப்பது என்று பொதுவாகச் சொல்கிறோம், உண்மையில் அங்கே எதுவும் புளிப்பதில்லை. வெட்டி வைத்த வாழைக்காய் கறுப்பது மாதிரிதான் அது. எந்த நிமிடத்தில் நிறுத்தி ட்ரையருக்கு அனுப்புவது என்பதில்தான் ருசி நிற்கிறது. கடைசியில் சல்லடை, அளவு வாரியாகப் பிரிப்பது. ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்றார்கள். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அம்மாவுக்கு ஒருநாள் முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழ 18 கிலோ எடுக்க வேண்டும், குறைந்தால் அரைப் பேர். 18 கிலோ என்றால் 4 கிலோ தூள். ஒரு கோப்பைக்கு 2 கிராம் போட்டால் 2000 கோப்பை. அம்மாவிடம் சொன்னேன். "ஒரு நாளைக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அப்புறம் அந்த மேசை. ஜன்னலோரம், வெளிச்சம் நேராக விழுகிற இடம். வெள்ளைப் பீங்கான், ஏழு ஜோடி. மூடி போட்ட சின்னக் குவளை, அதற்கு முன்னால் ஒரு கிண்ணம், அதற்கு முன்னால் காய்ந்த தூள். 100 மில்லிலீட்டருக்கு 2 கிராம் என்று நிறுத்துப் போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, மூடி, 6 நிமிடம். சர்வதேச அளவும் அதுதான். சீனி இல்லை, பால் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு, ஒரே நேரம், அப்போதுதான் ஒன்றுக்கொன்று ஒப்பிட முடியும். குவளையை மூடியோடு கிண்ணத்தில் சாய்த்து வடித்துவிட்டு, அவிந்த இலையை மூடியைத் திருப்பி அதன்மேல் கொட்டி வைக்கிறார்கள், இலையின் நிறமும் வாசமும் பார்க்க. நல்ல இலை புதுச் செம்புக் காசு மாதிரி இருக்கும்.

ருசி பார்க்கச் சொல்லிக் கொடுத்தது ஒரு இளம் பெண். ஆங்கிலத்தில் தொடங்கினாள். நடுவில் அம்மா என் காதில், "இதுல எது நாம குடிக்கிறது?" என்று கேட்டது அவளுக்குக் கேட்டுவிட்டது. திரும்பி, "அம்மா, நீங்க எந்தத் தோட்டம்?" என்றாள். அம்மா சொன்னார். "மேல் டிவிசனா, கீழ் டிவிசனா?" அதையும் சொன்னார். அவளுடைய சித்தியைக் கட்டிக்கொடுத்தது அதே கீழ் டிவிசனில். அதற்குப் பிறகு அவள் இரண்டு மொழியிலும் சொன்னாள், முதலில் தமிழில்.

கரண்டியில் எடுத்து, சத்தம் வர உறிஞ்ச வேண்டும். தேநீர் காற்றோடு சேர்ந்து வாய் முழுக்கச் சிதறினால்தான் வாசம் உள்பக்கமாக மூக்குக்கு ஏறும். அப்புறம் துப்ப வேண்டும். அவுஸ்திரேலியாத் தம்பதிக்கு இது பழக்கம். அடிலெய்டிலிருந்து பரோசா பள்ளத்தாக்குக்கு வைன் ருசி பார்க்கப் போவதும் இதே மாதிரிதானாம், மணந்து, உறிஞ்சி, துப்பி. அங்கே எந்தத் திராட்சைத் தோட்டம், எந்த வருடம் என்பது போத்தலிலேயே இருக்கும் என்றார்கள். நம் தேயிலை பெரும்பாலும் கொழும்பு ஏலத்துக்குப் போய், யாரோ வாங்கி, வேறு தோட்டத்துத் தூளோடு கலந்து, யாருடையதோ பெயரில் பெட்டிக்குள் போகிறது. எந்த மலையில் பறித்தது என்பது குடிக்கிறவருக்குத் தெரியவே தெரியாது. அது மாற வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

துப்புவது மட்டும் அம்மாவால் முடியவில்லை. ஏழையும் விழுங்கினார்.

நுவரெலியாத் தேயிலை முதலில். வெளிர் நிறம், லேசான துவர்ப்பு, பூ மாதிரி ஒரு வாசம் வந்து உடனே போய்விடும். "சாயமே இல்லையே" என்றார் அம்மா. திம்புளையில் நிறம் கூடுகிறது, நாக்கில் சுறுக்கென்று பிடிக்கிறது. தாழ்நிலத்து ருகுணுத் தேயிலை கறுப்பாக, கனமாக. ஊவாவுக்கு ஒரு தனி வாசம், தைல வாடை மாதிரி தொண்டையில் குளிர்ச்சி. ஜூலை முதல் செப்டெம்பர் வரைக்கும் கச்சான் காற்று அடிக்கும்போதுதான் அது முழுசாக வருமாம். ஒரே செடி, மலையும் காற்றும் மாறினால் ருசி இவ்வளவு மாறும் என்பதை நாக்கிலேயே உணர்ந்தபோது எனக்கு உண்மையாகவே சிலிர்த்தது.

அடுத்த கோப்பைகள் ஒரே ஸ்டோருடைய ஓபி, பிஓபி, டஸ்ட். இங்கேதான் என் 38 வருடக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. இந்தப் பெயர்கள் எல்லாம் இலையின் அளவு, தரம் இல்லை. ஓபி என்றால் ஆரஞ்சு பெக்கோ, அதில் ஆரஞ்சுப் பழமும் இல்லை. பெரிய இலை மெதுவாக இறங்கும், பொடி சட்டென்று சாயம் விடும். நல்ல டஸ்ட் ஏலத்தில் பெரிய இலையைவிடக் கூடின விலைக்குப் போவதும் உண்டு. பாலூற்றிப் பார்த்ததில் அம்மாவுக்குப் பிடித்தது டஸ்ட்தான், அது தப்பே இல்லை என்று அந்தப் பெண் சொன்னாள். எங்கள் தோட்டத்தில் மாதாமாதம் வீட்டுக்குக் கொடுத்தது இது இல்லை. அதில் நாரும் குச்சியும்தான் அதிகம், அதைத்தான் டஸ்ட் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் அம்மா ஒரு கேள்வி கேட்டார். "சாக்குல கொழுந்த அமுக்காத, அமுக்காதன்னு கங்காணி கத்துவாரே, அது ஏம்மா?" நெருக்கி அமுக்கினால் உள்ளே சூடேறி இலை கசங்கும், ஸ்டோருக்கு வருமுன்னே சிவந்துவிடும், வாட்டும்போது எவ்வளவு கவனமாக இருந்தாலும் அந்த ருசி திரும்பாது என்று அவள் சொன்னாள். சிவந்த இலையில் வந்த தேநீரையும் தனியாகப் போட்டுக் கொடுத்தாள். மந்தமாக, சப்பென்று இருந்தது.

அம்மா கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் நிறுவைல ஏதோ ஏமாத்துறோம்னு நெனச்சுக் கத்துறாங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார். 34 வருடம். ரெண்டு இலையும் ஒரு மொட்டும் மட்டும் எடு, முற்றல் எடுக்காதே, மட்டம் பார்க்க வைக்கிற மட்டக்கம்புக்கு மேலே எடு, அமுக்காதே, சீக்கிரம் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குக் கொண்டு வா. எல்லாம் ஏச்சாக வந்ததே தவிர, இதனால்தான் என்று ஒருவரும் ஒரு கோப்பையை அவர் கையில் கொடுத்துச் சொன்னதில்லை. சம்பளத்துக்காக எவ்வளவு போராடினார்கள். நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனதே 2021இல்தான், அம்மா அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டார். சம்பளம் வேறு விஷயம், அது கட்டாயம் வேண்டும். ஆனால் தன் கையால் எடுத்தது என்ன ருசி என்று காட்டுவதற்கு எந்தத் தோட்டத்துக்கும் பெரிய செலவு இல்லையே. வருடத்துக்கு ஒருநாள், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் ஒரு மேசை போட்டால் போதும்.

நுவரெலியாவில் சாப்பாடு சுமார், அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. இறங்கும்போது ரம்பொடை அருவிக்கு எதிரில் நிறுத்தினார்கள், வெயில் காலமாதலால் தண்ணீர் மெல்லிசாகத்தான் இருந்தது.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். கூடைப் படத்துக்கு நேரம் குறைத்து ருசி பார்ப்பதற்குக் கூட நேரம் கொடுக்கிற பயணமா என்று முன்கூட்டியே கேளுங்கள். காலையில் காரமாக எதுவும் சாப்பிடாதீர்கள், நாக்கு மரத்துவிடும். ருசி சொல்லித் தருகிறவர் தமிழ் பேசுவாரா என்று தயங்காமல் கேளுங்கள். நாம் கேட்கக் கேட்கத்தான் அது வரும். வீட்டில் கொழுந்து எடுத்த பெரியவர்கள் இருந்தால் கூட்டிப் போங்கள், ஆனால் கூடையைத் தூக்கச் சொல்லாதீர்கள்.

இப்போது வீட்டில் அம்மா தேத்தண்ணி போட்டால் மூடி வைத்துவிட்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். முந்தாநாள் பெரியம்மாவிடம் போனில் அந்தச் சாக்கு விஷயத்தை முழுசாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகஸ்டில் ஊவாப் பக்கம், அப்புத்தளைக்குப் போக வேண்டும் என்கிறார்கள், பெரியம்மாவும் அவரோடு கொழுந்து எடுத்த இன்னும் இரண்டு பேரும் வருகிறார்களாம். அந்தப் பக்கம் தமிழில் சொல்லிக்கொடுத்து ருசி பார்க்க விடுகிற ஸ்டோர் எது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாங்கள் ஐந்து பேர்.